பேப்பர்

பாராங் கத்தியைப் பேப்பரில் சுற்றித் தந்தது முகுந்தன்.
ஜெலுத்தோங் சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் பார்த்தேன்:
கண்ணீர் அஞ்சலிப் பக்கம்.
கைப்பிடிக்கு மேலே அவனுடைய அம்மா.
அஞ்சலையம்மாள், வயது எழுபத்தொன்று,
பத்து லஞ்சாங் மயானம், மாலை நான்கு மணி.

“இன்னிக்கு விட்டா கிடைக்க மாட்டான்” என்றிருந்தார் பாஸ்.
“சட்டை இருக்காது, செருப்பு இருக்காது,
ஒரு கை பானையிலே.”

எனக்கும் கணக்கு இருந்தது.
தண்ணீர்மலை அடிவாரத்தில், பூசத்து ராத்திரி,
பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த என் தம்பியை
இவன்தான் வெட்டினான்.
தம்பி காலிலும் செருப்பு இல்லை.
மோர் வாளியைக் கழுவ யாரும் முன்வரவில்லை,
அப்படியே சாக்கடையில் போட்டார்கள்.
இடம் பார்த்தா வெட்டினான்?

தூறல்.
மூன்று சுற்று.
சுற்றுக்கு ஒரு தரம் பின்னாலிருந்து
பரியாரி பானையைக் கொத்தினார்.
கத்தி முனைக்கும் கழுத்துக்கும் ஒரு சாண்.
அவன் அசையவில்லை.
ஓட்டைத் தண்ணீர் முதுகில் இறங்கி
எங்கள் ஆள் போட்ட பதினொரு தையலில் வழிந்தது.

கடைசிச் சுற்றில் என்னைக் கண்டுகொண்டான்.
பிறகு பேப்பரை.
பிறகு பானையைப் பின்னால் போட்டு உடைத்தான்,
புறங்கையாகக் கொள்ளி வைத்தான்.

“திரும்பிப் பார்க்காம போப்பா.”

எல்லாருக்கும் சொல்கிற வார்த்தைதான்.
அவனுக்குப் பின்னால் நெருப்பு,
இடையில் நான்.
நடந்தான். வேகமாகக்கூட இல்லை.
பிடரி மட்டும் விறைத்திருந்தது,
அடிக்குக் காத்திருக்கும் மாட்டைப்போல.

நான் வெட்டவில்லை.
நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள்.
பேப்பர் நனைந்து கிழிந்துகொண்டிருந்தது,
கை பிசுபிசுத்தது,
அதற்குள் அவன் கேட்டைத் தாண்டிவிட்டான்.

“போலீஸ் நின்னுச்சு” என்றேன் பாஸிடம்.
நம்பினாரோ என்னவோ.
“சரி, கருமாதி முடியட்டும். பதினாறு கழிச்சு
வெளியிலே வெச்சுக்கலாம்.
நமக்கும் ஒரு நியாயம் இருக்கில்லே” என்றார்.

அன்றிலிருந்து அந்தக் கேட்டிலேயே நிற்கிறது மனசு.
உள்ளே இருந்தவரை மகன்.
பூக்கடைக்கு இந்தப் பக்கம், மோட்டார் நிறுத்துமிடத்தில்,
வெறும் கடன்.
இரண்டடி தூரம்.
எந்தக் கல்லில் கால் வைத்தபோது மாறினான்?
என் தம்பி எந்தக் கல்லில் நின்றிருந்தால்
பிழைத்திருப்பான்?

நேற்றோடு பதினாறு முடிந்தது.
முகுந்தன் பழைய பேப்பர் தேடுகிறான்.
விளையாட்டுப் பக்கமாகப் பார்த்து எடு
என்று சொல்லியிருக்கிறேன்.