காலே வீசம்

சீட்டுப் பணம் முப்பத்தெட்டாயிரம்.
ஆரோக்கியசாமியிடம் பணம் இல்லை,
வண்டி இருந்தது:
ஐம்பத்தாறாம் வருஷத்து பி.எஸ்.ஏ.,
மர்ஃபி டவுனில், தார்ப்பாய்க்கு அடியில்,
டேங்க் தனி, உடம்பு தனி.
“எடுத்துக்குங்க மேடம்” என்றார்
பசுமாடு தானம் கொடுப்பவர் தோரணையில்.
நான் அதுவரை ஓட்டியது ஸ்கூட்டி.

“உனக்குத்தான் மரை கழண்டுபோச்சு”
என்றாள் கேஷ் கவுண்டர் சுமங்களா.
இருக்கலாம்.
எனக்கு வேண்டியது இப்போது
கழலாத மரை நாலு,
டேங்கை அடியிலிருந்து பிடித்துக்கொள்ள.
நாலில் ஒன்றுதான் மிச்சமிருந்தது.
அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு
டவுன் ஹாலில் பஸ் இறங்கினேன்.

எஸ்.ஜே.பி. ரோட்டில் எல்லாமே இரும்பு,
காபியைத் தவிர.
காபியிலும் கொஞ்சம் இரும்பு.
முதல் கடைக்காரன் முடிச்சை அவிழ்க்கவே விடவில்லை.
“எய்ட் எம்.எம்., கண்ண மூடிக்கிட்டுச் சொல்வேன்”
என்று கண்ணை மூடாமலே
நாலு பொட்டலம் கட்டினான். இருபத்தெட்டு ரூபாய்.
பல் விளக்கிய பிள்ளைகள் மாதிரிப் பளபளவென்று.

வீட்டில்
ஒன்றரைச் சுற்று உள்ளே போனது.
அப்புறம் நின்றது.
சுத்தமாகப் போகாமல் இருந்திருந்தால்
தூக்கிப் போட்டிருப்பேன்.
ஒன்றரைச் சுற்று போனதுதான் வம்பு.
கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் பலம்,
கொஞ்சம் கெட்ட வார்த்தை
என்று கை கெஞ்சியது.
டேங்கின் தகரம் கிறீச்சிட்டது.
நிறுத்தினேன்.

அடுத்த சனிக்கிழமை தஸ்நீம் கடை.
பூப்போட்ட ரிதா,
காதுக்கும் தோளுக்கும் நடுவே போன்,
போனில் சிலிண்டர்காரனோடு சண்டை.
சண்டையை விடாமல் முடிச்சை அவிழ்த்தாள்,
பேன்சீப்பு மாதிரி ஒன்றை எடுத்து
தகடு தகடாக விரித்து
போல்ட்டின் பல்லோடு பல் வைத்து
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.
இருபது: வெளிச்சம் கசிந்தது.
இருபத்திரண்டு: கசிந்தது.
இருபத்தாறு:
இருட்டு.

“புக்கிங் நம்பர் சொல்றேன், எழுதிக்கோ” என்றாள் போனிடம்.
என்னிடம், “இன்ச்சுக்கு இருபத்தாறு. பழைய சைக்கிள் மரை.
தடிமன் பதினாறில் ஐந்து.”

காலே வீசம், என்றது மனசு
யாரும் கேட்காமலே.
வீசம் என்ற சொல் இத்தனை நாள்
எந்த டப்பாவின் அடியில் கிடந்ததோ.
அதற்கும் எட்டு எம்.எம்.முக்கும்
ஒரு தலைமுடிதான் வித்தியாசம்,
பேச்சுக்குச் சொல்லவில்லை,
அளந்தால் ஒரு முடியின் தடிப்பு.
பல்வரிசைதான் வேறு.

ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்துக் கிளறி
மூன்றைப் பொறுக்கித் தந்தாள். கறுத்திருந்தன.
“நீளம் பாத்து. கூடிப்போனா டேங்கையே குத்திடும்”
என்று வாஷர்களையும் போட்டாள்.
ஒன்று நூற்றிருபது.
பேரம் பேசினேன். நூற்றிருபதுதான்.

ஞாயிறு காலை.
முதலாவது விரலாலேயே ஏறியது,
ஸ்பேனரைத் தேடவே இல்லை.
இரண்டாவது.
மூன்றாவதற்கு அந்தக் கைக்குட்டைப் பழசு.
நாலாவது துளையில்
லொடலொட.

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
யாரோ, எப்போதோ,
அந்தத் துளைக்கு மட்டும்
வேறு மரை வெட்டியிருக்கிறான்.
அவனுக்கும் ஒரு சனிக்கிழமை வந்திருக்கும்,
கண்ணை மூடிச் சொல்லும் கடைக்காரன்,
ஒன்றரைச் சுற்று.
அவன் நிறுத்தவில்லை.

மேஜை டிராயரில்
ரப்பர் பேண்டுகளுக்கும் சீட்டு ரசீதுகளுக்கும் நடுவே
அந்த இருபத்தெட்டு ரூபாய்ப் பொட்டலம்.
ஒன்றை எடுத்து வைத்துத் திருகினேன்.
போய்க்கொண்டே இருந்தது.

மூன்று இன்ச்சு, ஒரு எம்.எம்.
டேங்கை ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை.
மிஞ்சிய இருபத்தாறு மரை ஒன்று
திரும்பக் கைக்குட்டைக்குள்.
ஆரோக்கியசாமிக்குப் போன் போட்டு
“நாலாவது துளை யார் வேலை?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
“பெட்ரோல் போட்டீங்களா மேடம்?” என்றார்.