ஒரு துளை தள்ளி

மண்டபம் ஐஸ் கம்பெனியில்
தடைக்காலத்து அறுபத்தொரு நாளும்
எனக்கு அரைச் சம்பளம், முழு இரவு.
இரண்டு கம்ப்ரசரில் ஒன்றை நிறுத்திவிடுவார்கள்.
நின்றதன் மேல் துணி விரித்து
அதன் மேல் சீமைக்கருவேலம்.

சிரிக்காதீர்கள்.
ஜில்லா முழுக்கத் திட்டு வாங்கி
மூட்டத்தில் கரியாகிற அதே மரம்தான்.
முள் சீவி மூன்று கோடை காயவிட்டால்
தண்டவாளம் மாதிரி நிற்கும்,
உப்புக் காற்றுக்கு உப்பாது.
கிட்டாரின் விரல்பலகைக்கு
வேறென்ன வேண்டும்.

ஜிக் என் கைவேலை.
அலுமினியப் பட்டையில் இருபத்தோரு துளை,
துளையில் மாட்ட ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பி.
ரம்பம் ஆடாமல் இருபுறமும் பிடிக்க
செத்த டைனமோவில் கழற்றிய பேரிங் நான்கு.
ஆழம் மீறாதிருக்க
ரம்பத்தின் முதுகில் பித்தளைக் கீலின் ஒரு இதழ்.

வீணைக்காரர்களுக்கு மெட்டு மெழுகில் உட்காரும்,
சூடு காட்டி நகர்த்திக்கொள்ளலாம்.
எனக்கு அறுத்தால் அறுத்ததுதான்.

முதல் பலகை அப்படித்தான் போனது.
முப்பத்தாறரை மில்லிக்குக் கொஞ்சம் குறைய ஒரு கோடு,
அந்தக் கோட்டிலிருந்து அடுத்தது,
அடுத்ததிலிருந்து அதற்கடுத்தது.
கோட்டுக்குக் கோடு கால் மில்லி பிசகி
பன்னிரண்டாவதில் மூன்று மில்லி.
சரிபாதியில் நிற்கவேண்டிய சுரம்
வாசலுக்கு வெளியே நின்றது.

கணக்கு எழுதும் மர்லியா
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினாள்.
"பாக்கியோட பாக்கியக் கூட்டிக்கிட்டே போனா
தப்பும் வட்டி போடும்.
ஒவ்வொண்ணையும் ஒண்ணாந்தேதியிலேருந்து எண்ணுங்க."
கீழக்கரைக்காரி. கிட்டாரைத் தொட்டதில்லை.

எல்லாத் துளையையும் தலைமாட்டிலிருந்தே அளந்தேன்.
தப்பான பலகை ஜிக்குக்கு வேலியானது.
மற்றதையெல்லாம் அதில் சாய்த்துத்தான் அறுக்கிறேன்.

மே மாதம் மார்சலின் வந்தான்,
பாம்பன் தெற்குவாடி, விசைப்படகு டிரைவர்.
இடது மோதிரவிரல் நுனியை
வின்ச் எடுத்துக்கொண்டிருந்தது.
ஜிக்கைக் கையில் வாங்கித் தடவினான்.
"போகப்போகக் குறுகுதே ஃபிட்டரே" என்றவன்
அவனே சொன்னான்:
"வாயில பெருங்கண்ணு, மடியில பொடிக்கண்ணு.
இழுவலைதான் இது."

பிறகு கையை விரித்துக் காட்டினான்.
"பெரிய கிட்டார்ல எட்டல.
சின்னதா ஒண்ணு."

என் பட்டை அறுநூற்று நாற்பத்தெட்டு மில்லிக்கு.
அவன் கை கேட்டது அறுநூற்றுப் பத்துக்குப் பக்கத்தில்.
மறுபடி கணக்கு, மறுபடி இருபத்தோரு துளை,
மிச்சமிருந்ததோ ஒரே ஒரு டிரில் பிட்.
இரண்டு ராத்திரி பட்டையைப் பார்த்தபடி
டீ குடித்தேன்.

மூன்றாம் இரவு
போக்ஸ் கம்பி கை தவறி
இரண்டாம் துளையில் விழுந்து நின்றது.
சரி, பலகையின் தலை அங்கே இருந்தால்?
முதல் கட்டத்தை வெட்டிப் போட்டால்
மீதி அறுநூற்றுப் பதினொன்றரை.
அதைப் பதினேழே முக்கால் சொச்சத்தால் வகுத்தால்
பங்கு வந்து விழுவது
அடுத்த துளையில்.
அதற்கு அடுத்தது?
போன வருஷமே போட்டு வைத்திருந்த இடத்தில்.

கடைசியில் ஒரு ஃப்ரெட் குறையும்.
அந்த உயரத்துக்கு அவன் விரல் போகாது.
காலையில் மர்லியா எட்டுத் துளை வரை சரிபார்த்தாள்,
கால்குலேட்டரை அணைத்துவிட்டு
டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

கடலுக்கு இன்னும் நாலு நாள் இருக்கையில்
கம்பி கட்டிக் கொடுத்தேன்.
தடித்த கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினான்.
வெளியே டிரான்ஸ்பார்மர் முனகிக்கொண்டிருந்தது,
ஏறக்குறைய அதே சுருதியில்.
இரண்டும் ஒட்டியும் ஒட்டாமலும் துடித்தன.
அவன் கேட்டானோ என்னவோ,
நான் மூச்சுவிடவில்லை.

"ஏழாவதுல கரகரங்குது ஃபிட்டரே."

எமரித்தாள் ஒட்டிய கடப்பாக்கல் துண்டை எடுத்தேன்.
விடிந்தால் இரண்டாவது கம்ப்ரசரையும் ஓட்டவேண்டும்.
அதன் மேல் துணி
இன்னும் அப்படியே கிடந்தது,
தூளும் நிக்கல் பொடியுமாக.