எண்ணிக்கை

ஆறு வருடமாகச் சனிக்கிழமைதோறும்
இந்த ஊருக்கு பஸ் ஓட்டி வருகிறேன்.
எனக்கு இது
ஒரு வால்நட் மரத்து நிழல்,
ஒரு லேய் வாங்கும் கழிப்பறை,
மூன்று முறை பின்னால் எடுத்தால்தான்
வண்டி திரும்பும் சந்து.
ஊர்ப்பலகையில் மூன்று மொழியில் மூன்று பெயர்.
ஒன்றையும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சிபியுவில் காலை எட்டு மணிக்கு ஏறியவை
முப்பத்தொரு தலை.
இறங்கியதும் எல்லோரும் மதிலைப் பார்த்தார்கள்,
பிறகு மதிலின் முன் தங்களைப் பார்த்துக்கொண்டார்கள்.
வாத்துக் கூட்டம் ஒன்று
யாருக்கும் வழிவிடாமல் தெருவைக் கடந்தது.
நான் காலை நீட்டினேன்.
ரொட்டி, முள்ளங்கி, உப்பு,
பாதியில் நின்ற குறுக்கெழுத்து.

நாலரைக்கு எண்ணினேன். முப்பது.
மறுபடி எண்ணினேன்,
இம்முறை விரலை நீட்டி. முப்பது.
பதினேழாம் இருக்கையில் ஸ்மராண்டா.
பதினெட்டில் அவள் பை.
"இங்கே இருந்தவர்?"
"வருவார்."
வராவிட்டாலும் பழுதில்லை என்கிற குரல்.
பிளம் கொட்டையை
ஜன்னலுக்கு வெளியே துப்பினாள்.

முதன்முறையாகப் படியேறினேன்.
சாவிக்காரி ஹெர்மினே முன்னால்:
ரப்பர் பூட்ஸ், ஏப்ரன் பையில் கோழித்தீனி,
முழங்கை நீளச் சாவி.
ஆளைத் தேடித்தான் வந்தேன் என்றேன்.
நாக்கு பழகிவிட்டது போல,
அவளால் விளக்காமல் ஏற முடியவில்லை.

"இது கொழுப்புக் கோபுரம்.
ஊரிலுள்ள பன்றி இறைச்சியெல்லாம் இங்கேதான் தொங்கும்.
ஞாயிறு காலை வந்து ஒரு துண்டு வெட்டிக்கொண்டு
வெட்டிய இடத்தில் முத்திரை குத்திவிட்டுப் போவார்கள்."
"திருடர் பயமா?"
"திருடர் வந்தால் முத்திரையா பார்ப்பார்கள்?
பக்கத்து வீட்டார் பயம்."
இறைச்சி போய்விட்டது. கொக்கிகள் இருக்கின்றன,
ஒவ்வொன்றின் மேலும் வீட்டு எண்.
வாசனை இன்னும் உத்தரத்தை விடவில்லை.
"என்னுடையது ஐம்பத்திரண்டு," என்றாள்.
"தொண்ணூறில் மற்ற எண்கள் எல்லாம்
ஜெர்மனிக்குப் போயின.
கோழிகளை வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை,
நான் நின்றுவிட்டேன்."
இதை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்,
சிரிக்கும் இடத்தில் நின்று காத்திருந்தாள்.
சிரித்தேன்.

அதற்கடுத்த அறை
பிரிய வேண்டும் என்று வந்து நின்ற தம்பதிகளுக்கு.
இரண்டு வாரம் உள்ளே வைத்துப் பூட்டுவார்களாம்.
ஒரு கட்டில். ஒரு தட்டு. ஒரு கரண்டி.
தொடாதீர்கள் என்று சிவப்புக் கயிறு.

கயிற்றுக்கு அந்தப் பக்கம்
வைக்கோல் மெத்தையில்
ஷூ கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தான் ஒவிதியு.

ஹெர்மினே கத்தவில்லை.
அவன் காலை விரிப்பிலிருந்து
மெல்ல ஓரமாகத் தள்ளினாள்.
"தனியாக வந்து படுத்தால் பலிக்காது," என்றாள்,
அவனிடமா என்னிடமா தெரியவில்லை.
தோளைத் தொட்டேன்.
கண் திறந்ததும் முதல் கேள்வி:
"அவள் தேடினாளா?"

கூரையில் மழை தொடங்கியிருந்தது.
பொய் சொல்லும் தூரத்தில்தான் இருந்தது.
"எண்ணிக்கை என் பொறுப்பு," என்றேன்.

அவன் வந்து உட்கார்ந்தான்.
அவள் பையை எடுக்கவில்லை.
மிச்சமிருந்த அரை இருக்கையில்
ஒரு தொடையை வைத்துக்கொண்டான்.
வைப்பர் ஒன்று வேலை செய்யவில்லை.
மைக் பிடித்து எதையாவது சொல்லலாம் என்று தோன்றியது.
கியர் போட்டேன்.

ஓடைப் பாலத்து வளைவில்
பின்னால் பொத்தென்று ஒரு சத்தம்.
பிறகு நடைபாதை நெடுக
பிளம் பழங்கள் உருண்டு வந்தன.
ஒன்று பிரேக் வரை வந்தது.
வண்டியை ஓரங்கட்டி
அதை எடுத்து, சட்டையில் துடைத்து, தின்றேன்.
புளிப்பு.

கண்ணாடியில் பார்த்தேன்.
பதினேழும் காலி, பதினெட்டும் காலி.
இருக்கைகளுக்கு அடியில்
நான்கு கைகள்.

இருபத்தொன்பது.