ஈர இலைக் கழிவு

குன்னூர் ஆஸ்பத்திரி, ஒன்பதாம் எண் அறை.
மப்ளரைக் கழற்றாமலே
பரீட்சைக்கு உட்கார்ந்தார் சோலைமலை.
கூட வந்தவர் வாய் திறக்கக் கூடாதாம்.
நான் சுவரோரமாக நாற்காலியில்.

என்ன கிழமை? வியாழன்.
எந்த மாவட்டம்? நீலகிரி.
எந்த நாடு?
இந்தியா என்று சொல்வதற்கு முன்
என்னை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.
கண்டியில் பிறந்து தலைமன்னாரில் கப்பலேறியவர்களுக்கு
அந்தக் கேள்விக்கு எப்போதுமே
கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

பூ, கதவு, அரிசி.
மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா,
அப்புறம் கேட்பேன் என்றாள் அந்தப் பெண்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள்.
தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது,
எழுபத்திரண்டு, அறுபத்தஞ்சு.
போதும் என்று கை காட்டியும் நிற்கவில்லை.
அம்பத்தெட்டு, அம்பத்தொண்ணு, நாப்பத்திநாலு.
"ஐயா கணக்குல புலி!"
எனக்குத் தெரியாதா, பாப்பா.
கோத்தகிரி ஃபேக்டரி வாசலில் முப்பது வருஷம்
சாக்குக்கு ரெண்டு, ஈர இலைக்கு அஞ்சு,
ஆக ஏழு ஏழாக
வெட்டி வெட்டி எழுதிய கை அது.
என் இலையிலும் வெட்டியது.
கல்யாணத்துக்கு முன்னும்,
பின்னும்.

கடிகாரம் வரையுங்கள், மணி பதினொன்று பத்து.
வட்டம் போட்டார். எண் போட்டார்.
ஒரே ஒரு முள் போட்டுப் பேனாவை மூடினார்.
இன்னொரு முள் எங்கே ஐயா?
அவர் பதில் சொல்லவில்லை.
அது கடிகாரமில்லை, இலைத் தராசு என்று
நானும் சொல்லவில்லை.

பூ சொன்னார். அரிசி சொன்னார்.
நடுவில் இருந்தது வரவில்லை.

முப்பதுக்கு இருபத்தாறு.
"பரவாயில்லை, நல்ல மார்க்குதான்மா."

இருபத்தாறு வாங்கியவர்தான்
நேற்று குழாய் ஓட ஓட
கையில் காலி வாளியோடு நின்றார்,
அதை எங்கே வைப்பது என்று தெரியாமல்.
சட்டைக்கு மேல் பனியன்.
உப்பு ஜாடியில் பஸ் சில்லறை.
ராத்திரி ரெண்டு மணிக்கு, உறைபனியில்,
வாசல் தாழ்ப்பாளை நெம்பிக்கொண்டு
லாரி வந்திருச்சு, லாரி வந்திருச்சு என்று.

எனக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள்.
தனியாகச் சமைப்பாரா?
முன்பும் சமைத்ததில்லை. அதற்குக் கட்டம் இல்லை.
துணி துவைப்பாரா?
மேலே சொன்னதுதான்.
பணத்தைக் கையாள்வாரா?
என் கூலியையும் சேர்த்து, ஒரு காலத்தில்.
எழுத இடமில்லை.

தானாகக் குளிப்பாரா?
இங்கே பேனா நின்றது.
பக்கத்தில் உட்கார்ந்து என் சேலை நுனியைச்
சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார்.
இல்லை என்பதுதான் உண்மை.
சில நேரம் என்று குறித்தேன்.
எத்தனை பேரிடம் ஏழு வெட்டியவர்;
நான் ஒன்று கூட்டிப் போட்டேன், போகட்டும்.

கடைசிக் கேள்வி:
இவரைப் பார்த்துக்கொள்வதில் உங்களுக்குச் சுமை எவ்வளவு?
இல்லை. கொஞ்சம். அதிகம்.
"நிறுத்துத்தாம்மா சொல்லணும்" என்றேன்.
விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.
"எழுதறதுன்னா, கழிக்காம எழுதிக்கோ."

திரும்பும்போது ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கினார்.
கண்டக்டரிடம் மீதிச் சில்லறையை
விரல் விட்டு எண்ணி, சரி என்றார்.
சரியாகத்தான் இருந்தது.
கட்டபெட்டு தாண்டி ஒரு வளைவில்
மூடுபனி பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது.
யாரும் கேட்காதபோது
முன்னால் பார்த்தபடியே சொன்னார்:
"கதவு."

ஆமாங்க என்றேன்.
எட்டிப் பார்த்தேன்,
உண்மையிலேயே திறந்துதான் கிடந்தது.