பதினொன்று

சாவியைத் திருப்பி உருவிச்
சட்டைப் பையில் போட்டாகிவிட்டது.
எஞ்சினுக்குச் சேதி போய்ச் சேரவில்லை.
குலுங்கி, இருமி, பின்னால் ஒருமுறை வெடித்து
நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது
எழுபத்தேழாம் வருடத்து ஃபோர்டு.
பக்கத்து இருக்கையில் பிரின்லி
விரல் மடக்கி எண்ணி முடித்தாள்:
"பதினொண்ணு, அப்பா."

ஒன்றுவிட்ட ஞாயிறு, மாலை ஐந்து மணி.
ரூபர்ட்டிலிருந்து பர்லிக்கு,
ஸ்னேக் ஆற்றுப் பாலம் தாண்டி
சர்க்கரைக் கிழங்கு லாரிகள் சிந்திய மண்மேல்
மகளைக் கொண்டுபோய் விட வேண்டும்.
வண்டி உதறும்போதே
ஜெனீல் கதவைத் திறந்து படியில் நிற்பாள்.
அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது.
நான் போனட்டைப் பார்ப்பேன்.
அவள் என் முழங்கைக் கிரீஸைப் பார்ப்பாள்.
கடைசி 'டக்' விழுவதற்குள்
பை கைமாறியிருக்கும், பிள்ளையும்.
"சரி."
"சரி."

உதிரிபாகக் கடையில் லமார் சொன்னான்:
பொறியில்லாமல் எரிகிறதென்றால்
உள்ளே எங்கேயோ தணல் கிடக்கிறது.
கரி படிந்திருக்கும், பிஸ்டன் தலையில்.
எண்பத்தைந்து ஆக்டேன் மலிவு என்று
ஊற்றுகிறாய் அல்லவா, அதுவும்தான்.

விலை கூடின பெட்ரோல் ஊற்றினேன்.
பதினொன்று.
எட்டு பிளக்கும் மாற்றினேன், ஏழாவதில்
விரல் முட்டித் தோலை எஞ்சினுக்குக் கொடுத்தேன்.
பதினொன்று.
டைமிங் விளக்கைப் பிடித்துக்
கப்பியின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன்,
இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.
ஓடும் எஞ்சினுக்குள் கார்புரேட்டர் வழியே
தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்
கரியைக் கழுவப் பார்த்தேன்.
தெருவெல்லாம் வெள்ளைப் புகை.
எதிர்வீட்டார் தீயணைப்பை அழைக்கவா என்றார்.
ஒன்பது. மறுநாள் திரும்பவும் பதினொன்று.

புதன்கிழமை இரவு
வேறொன்றும் தோன்றாமல்
காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டுச்
சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.
கார்புரேட்டரின் இடுப்பில் ஒரு சின்ன உருளை.
சாவி போட்டால் மூக்கை நீட்டித்
திராட்டிலைத் தாங்க வேண்டியது அது,
எடுத்தால் உள்ளிழுத்து
கதவைச் சாத்த வேண்டியது.
அதன் கம்பி எங்கும் செருகப்படாமல்
அழுக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.
அது செய்ய வேண்டிய வேலையை
ஒரு திருகு செய்துகொண்டிருந்தது,
இரவு பகல் ஒரே இழுப்பில், கதவைத் திறந்தே வைத்து.
திருகின் தலையில் கீறல்கள்.
ஸ்க்ரூடிரைவரின் கீறல் இல்லை. அகலமானது.
வெண்ணெய்க் கத்தி.

ஜனவரி. நான்கு வருடம் முன்னால்.
காது வலியில் பிரின்லி வீறிட,
ட்வின் ஃபால்ஸ் போகிற வழியில்
ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி செத்தது.
ஜெரோம் பக்கம் சாலையோரத்தில் நிறுத்தி
சாப்பாட்டுப் பையிலிருந்த கத்தியால்
ரெண்டு சுற்று இறுக்கினேன்.
ஓடியது. ஓடினால் போதும் அன்றைக்கு.
காலையில் சரிசெய்துகொள்ளலாம் என்று
யாரிடமோ சொன்ன ஞாபகம்.

கம்பியைச் செருகினேன். மூக்கு நீண்டது.
திருகை ரெண்டு சுற்றுத் தளர்த்தினேன்.

ஞாயிறு. பர்லி. சாவியைத் திருப்பினேன்.
பிரின்லி விரலைத் தூக்கியவள்
மடக்க ஒன்றுமில்லாமல் வைத்திருந்தாள்.
சூடான இரும்பு சுருங்கும் சத்தம்.
தூரத்து வயலில் நீர்த்தெளிப்பான்.
கதவு திறந்தது, ஜெனீல் நின்றாள்,
எங்களுக்குள் பிடித்துக்கொள்ள
ஒரு இரைச்சலும் இல்லை.

"நின்னுடுச்சே," என்றாள்.
"கம்பி கழண்டிருந்தது. அப்புறம் அந்தத் திருகு."
"ஜெரோம்ல முறுக்கினியே, அதுவா?"
தலையாட்டினேன்.
"ரெண்டு சுத்து," என்றாள். "நான்தானே டார்ச் பிடிச்சேன்.
கை மரத்துப்போச்சு அன்னிக்கு."

பை இன்னும் என் கையில்தான் இருந்தது.
வண்டிக்குள் பிரின்லி
வேறு எதையோ எண்ண ஆரம்பித்திருந்தாள்,
உதடு மட்டும் அசைய.
பதினாலு வரை பார்த்தேன்.