மூன்றாம் சரணம்

பிப்ரவரி. டொலீடோ.
மௌமி ஆறு கரையோரமெல்லாம் உறைந்து
நடுவில் மட்டும் ஒரு கருப்புக் கோடு
மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.
நாங்கள் நான்கு பேர்.
பகலில் நான் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவன்,
வியாழன் இரவுகளில் பேஸ் கிட்டார்.
ஞாயிற்றுக்கிழமைக் காலை என்பது எங்களுக்குத்
தூங்குவதற்கென்று உண்டானது.

பாட்டைக் கொண்டுவந்தவள் ரோவீனா.
யாரோ வீடு காலி செய்தபோது
தெருவில் வைத்த பெட்டியில் கிடைத்த இசைத்தட்டு.
உறை இல்லை. சபையின் பெயர் தேய்ந்துபோய்
ஊரின் கடைசி இரண்டெழுத்து மட்டும் மிச்சம்.
ஊசியை வைத்தாள்.
முதலில் கீறல், பிறகு யாரோ இருமுகிறார்கள்,
பிறகு நாற்பது பேர் ஒரே மூச்சில்.
முடிந்ததும் லைல் சிகரெட்டைத் தேடினான்,
அது அவன் கையிலேயே எரிந்துகொண்டிருந்தது.

"வார்த்தையை மட்டும் மாத்திக்கலாம்," என்றான்.
"இயேசுவேன்னு வர்ற இடத்துல கண்மணியே போடு.
தாளம் இடறாது. ஒருத்தனுக்கும் தெரியாது."
போட்டுப் பார்த்தோம்.
இடறவில்லைதான்.
ஆனால்
*கண்மணியே, கல்லறைக் கதவைத் தள்ளு,
தள்ளித் தள்ளி எனக்குக் கை வலிக்கிறது*
என்று ரோவீனா இழுத்தபோது
எங்களுக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.
எந்தக் காதலியிடம் போய் இதைக் கேட்பது?
சோபாவை நகர்த்தவே
ஆள் கூப்பிடச் சொல்கிறவளிடமா?

தேடியஸ் சிரிக்கவில்லை.
பதினேழு வயதுவரை
அப்பாவின் சபையில் டிரம்ஸ் வாசித்தவன்.
ஏன் விட்டான் என்று ஒன்பது வருடமாக
நாங்கள் கேட்டதில்லை, அவன் சொன்னதுமில்லை.
குச்சியால் முழங்காலைத் தட்டிக்கொண்டே சொன்னான்:
"நம்பலைன்னா நம்பாமலே பாடு.
அடுத்தவங்க கடுதாசியைச் சத்தமாப் படிக்கலாம்.
விலாசத்தை அடிச்சுத் திருத்தாதே."

அன்றிரவு கூட்டம் அதிகமில்லை.
கண்ணாடி ஆலையின் இரண்டாவது ஷிப்ட் முடிந்து
பூட்ஸில் பனியோடு வந்தவர்கள்,
அம்பெறியும் பலகையருகே ஒரு தகராறு.
முதல் சரணத்துக்கு எவரும் திரும்பவில்லை.
இரண்டாவதில் ஒருவன் கத்தினான்:
"இன்னைக்கு வியாழக்கிழமைப்பா!"
எல்லோரும் சிரித்தார்கள், ரோவீனாவும்,
சிரிப்பு குரலில் ஏறி ஒரு சொல் உடைந்தது.

மூன்றாவதில்தான் தேடியஸ் அதைச் செய்தான்.
ஒத்திகையில் இல்லாதது.
அரை அடி பின்வாங்கினான்,
யாரோ வாசற்படியேற நேரம் கொடுப்பவன்போல.
என் விரல்கள் தடுமாறி, பிறகு
அவன் பின்னால் போயின.
எங்கள் நால்வரில் அந்தப் பாதை தெரிந்தவன்
அவன் ஒருவன்தான்.

கத்தியவனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி
ஆலைச் சீருடையில் ஒரு பெண்,
கட்டைவிரலில் கட்டு.
கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கை விரிய,
மெல்லக் கையை உயர்த்தினாள்.
தோள்வரைக்கும்.
பிறகு காதுவரைக்கும்.

மதுக்கடை ஆர்வில் பார்த்தான்.
தலையசைத்தான்.
நுரை ததும்ப ஒரு பீர் ஊற்றி
அவள் முன்னால் வைத்தான்.

பாட்டு முடிந்து கண் திறந்தவள்
கோப்பையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள்.
கையை இறக்கி
ஐந்து டாலர் எடுத்து வைத்தாள்.
மீதி வேண்டாம் என்றாள்.
குடித்தாள், நிதானமாக, அடிவரைக்கும்.

வண்டியில் சாமான் ஏற்றும்போது
ரோவீனா தொண்டைக்கு மிட்டாய் கேட்டாள்.
லைல் குளிரைத் திட்டினான்.
"மூணாவது ரொம்ப மெதுவாப் போச்சோ?" என்றான் தேடியஸ்
சிம்பலை உறையில் போட்டபடி.
சரியாத்தான் இருந்தது என்றேன்.
அவன் ஜிப்பை இழுத்தான், சிக்கியது,
திரும்ப இழுத்தான்.

மறுநாள் பெரிஸ்பர்கில் ஒரு வீடு.
ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து தள்ளி
பின்தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
முணுமுணுக்கிறேன் என்பதே தெரியவில்லை,
அந்த வீட்டுக்காரர் கேட்கும்வரை:
"நீங்க எந்தச் சபை?"

நல்லவேளை,
பல்லிடுக்கில் இரண்டு திருகாணிகள் இருந்தன.