கால் சுற்று

சுவரை உடைக்க வேண்டாம், பழைய கம்பியே போதும்
என்று நான் சொன்ன பிறகுதான்
நுக்ஸார் முன்பணத்தை வெளியே எடுத்தார்.
பதினான்கு வருடமாகக் கூரைக்குள் படுத்திருக்கும் கருப்புக் கம்பி.
எலி ஒன்று கடித்துப் பார்த்து,
ருசிக்காமல் விட்டுப்போன தழும்பு மட்டும் அதில்.
மாற்றுவது கண்ணை, நரம்பை அல்ல.

குட்டாயிசியில் மழை.
பாலத்துக்குக் கீழே ரியோனி கலங்கி ஓடும் சத்தம்
கடைக்குள் வரை கேட்கிறது.
ஏணியின் மேல் நான்.
ஏணியைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று
சூரியகாந்தி விதை கொறித்தபடி கீழே அவர்.

முதல் கேமராவைக் கழற்றினால்
உள்ளே ஒரு சிலந்தி குடித்தனம் நடத்தியிருக்கிறது.
"உங்கள் திருடன் இவன்தானோ?" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

அந்தத் திருடனை ஊருக்கே தெரியும்.
ஒன்பது வருடம் முன்பு, ஒரு பிப்ரவரி இரவு,
திரையில் சாம்பல் நிறக் கறை ஒன்று
அலமாரி வரை வந்து
காப்பி டப்பாக்களோடு கரைந்துபோனது.
முகம் இல்லை. தோளா தொப்பியா, தெரியவில்லை.
மூன்றாம் தட்டுக்குக் கீழேயே முடிந்துவிட்டது தலை.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
நாற்பது முறை ஓட்டிப் பார்த்தார் நுக்ஸார்.
நாற்பத்தோராம் முறை அது ஜும்பர் ஆகிவிட்டது.
அன்றிலிருந்து ஜும்பருக்கு இங்கே கடன் கிடையாது.
இரண்டு தெரு தள்ளிப்போய் ரொட்டி வாங்குகிறான்,
மழையிலும்.

பழைய பதிவுப்பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கும் முன்
எனக்கும் அந்தக் கறையைக் காட்டினார்.
என் மாமா மாதிரி இருந்தது.
தெருமுனைத் தபால்பெட்டி மாதிரியும்.
சொல்லவில்லை.

மதியத்துக்குமேல் நான்கு கண்களும் திறந்தன.
யாரோ ஜன்னலைத் துடைத்துவிட்டது போல
நுக்ஸார் ஓர் அடி பின்வாங்கினார்.
கதவோரக் குடையிலிருந்து சொட்டு விழுவது தெரிந்தது,
விழுந்த சொட்டு தெறிப்பதும்.
பால் புட்டியில் போன வாரத் தேதி.
மேலிருந்து பார்த்தால், அவர் உச்சந்தலையில் வழுக்கை.
"இது எப்போதிருந்து?" தடவிக்கொண்டார்.
அதுவும் ஊருக்கே தெரியும்.

"பெரிதாக்கிக் காட்டு, நெஸ்தான்.
கொடுத்த காசுக்கு எதுவரை தெரியும்?"

அதற்குள் குல்நாஸி பாலாடைக்கட்டி வாங்க வந்தாள்,
வாங்கினாள், போனாள்.
அந்த இரண்டு நிமிடத்தைப் பின்னோட்டி
மூன்றாம் கேமராவைத் திரை முழுக்க விரித்தேன்.
அவள் கையுறையில் பிரிந்த நூல்.
தராசின் பச்சை எண்கள்: ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
தட்டின் ஓரத்தில், கட்டிக்குப் பின்னால்,
நகத்தில் விதைத்தோல் ஒட்டிய
ஒரு கட்டைவிரல்.
அவள் பணப்பைக்குள் குனிந்ததும் விரல் விலகுகிறது.
நானூற்று எழுபது.

பழைய திரையில் அந்த இடம் வெள்ளைப் பொட்டு.
பதினான்கு வருடமாக அங்கே
வெளிச்சம் மட்டும்தான் இருந்தது.

குளிர்பெட்டி உறுமியது. நின்றது.
வாயிலிருந்த தோலைத் துப்பிவிட்டு நுக்ஸார்,
"இந்த மூன்றாவதை
கொஞ்சம் கதவுப் பக்கம் திருப்ப முடியுமா?
திருடன் அந்த வழியாகத்தானே வருவான்" என்றார்.

முடியும்.
மறுபடி ஏணி. சின்னச் சாவி. கால் சுற்று.
தராசு திரையை விட்டு நழுவியது.
அதன் இடத்தில் நடைபாதையின் ஒரு துண்டு;
கோட்டுக்குள் ரொட்டியை அணைத்தபடி
அதைக் கடந்து போகிறான் ஜும்பர்,
கடை முகப்பின் துணிக்கூரை தலையில் இடிக்காமலிருக்க
நன்றாகக் குனிந்து.
புருவத்து நரை வரை தெளிவு.

நுக்ஸார் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.
எதைப் பார்த்தார் என்று
கேமராவுக்குத் தெரிந்திருக்கும்; நான் கேட்கவில்லை.

கூலியில் ஒரு காசு குறைக்கவில்லை.
வீட்டுக்கு என்று
ஒரு துண்டு சுல்குனியும் வெட்டினார்.
"இதற்குக் காசு வேண்டாம், சும்மா."
சும்மா என்றவர், பழக்கத்தில்,
அதைத் தராசில் வைத்தார்.
விரலும் கூடவே வந்தது.